கஞ்சா கடல் வழியாக வருகிறதா, போகிறதா? டெல்டாவிலிருந்து சில குறிப்புகள்

நாகப்பட்டினத்து வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 ஜூலை 7

"கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகள் நடந்ததிலிருந்து எல்லாரும் சாராயத்தைப் பற்றியே பேசுகிறோம். நம் டெல்டாவில் பையன்களைக் கெடுப்பது கஞ்சா. கோடியக்கரையிலிருந்து மல்லிப்பட்டினம் வரை கடற்கரையை இறுக்கி அடைத்துவிட்டால் முக்கால்வாசி நின்றுபோகும் என்கிறேன். கடலோரக் காவல் சரியில்லாததால்தானே இவ்வளவு சரக்கு உள்ளே வருகிறது? மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்."

2024 ஜூலை 7, இரவு

மறுக்கிறேன். கடல் வழியாக நமக்குக் கஞ்சா வருவதில்லை. நம் வழியாகக் கடலுக்குப் போகிறது.

சரக்கு விளைவது ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில். இந்தப் பக்கம் பாடேரு, சிந்தப்பள்ளி. 2022-ல் அல்லூரி சீதாராம ராஜு மாவட்டம் என்று தனியாகப் பிரித்தார்களே, அந்தப் பகுதி. அந்தப் பக்கம் ஒடிசாவின் மல்காங்கிரி, கோராபுட். சீலாவதி என்பது அங்கே பேர்போன ரகம். மலைக்காரருக்கு முன்பணம் கொடுத்து விதைக்க வைப்பவன் கீழே இருந்து போகிற வியாபாரி. அங்கிருந்து ராஜமுந்திரி, விஜயவாடா, நெல்லூர் என்று தரைவழியாக இறங்கி, சென்னைப் பக்கம் வந்து, அப்புறம் விழுப்புரம் தாண்டி நம்மூருக்கு. லாரியிலும் வரும், காரிலும் வரும், ரயிலில் சீட்டுக்கு அடியில் பயணப் பையிலும் வரும். வேதாரண்யம், சேதுபாவாசத்திரம் கரைகளில் பிடிபடுவதெல்லாம் படகு ஏறக் காத்திருந்த மூட்டைகள். போகும் இடம் இலங்கை.

கரையை முழுசாக அடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவரை வந்துவிட்ட சரக்கு கரையிலேயே தங்கும். அதை யாரிடம் விற்பார்கள்?

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். போலீஸ் சரக்கைப் பிடித்ததும் அங்கேயே எழுதுகிற பறிமுதல் பத்திரம்தான் மகஜர். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட ராத்திரி நேரத்தில் எழுப்பப்பட்டவன். தெரிந்ததெல்லாம் அந்த வகையில் தெரிந்ததுதான். போலீஸ்காரன் இல்லை, வக்கீலும் இல்லை.

2024 ஜூலை 8

"அப்படியானால் என் தெருமுனையில் விற்பது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

கடலுக்குப் போகிற மூட்டையிலிருந்து சிந்துவதுதான் ஊருக்குள் விற்கிறது என்று எங்கள் ஆபீசில் சொல்வார்கள். சுமக்கிறவனுக்குக் கூலியைச் சரக்காகவே கொடுத்துவிடுவார்களாம். கொஞ்சம் இருக்கலாம். ஆனால் யோசித்தால் கணக்கு உதைக்கிறது. இருநூறு கிலோ ஏற்றுகிறவன் பத்துப் பொட்டலம் விற்கிற பையனைப் பக்கத்தில் சேர்க்கவே மாட்டான். அந்தப் பையன் ஒரு நாள் ஸ்டேஷனில் வாயைத் திறந்தால் போதும், மொத்தமும் போய்விடும்.

ஊருக்குள் புழங்குவது தனி வியாபாரம். நாலு பேர் பணம் போடுவார்கள். ஒருத்தன் ரயிலேறிப் போவான், அல்லது சென்னை ஓரத்தில் யாரோ கொண்டுவந்து வைத்திருப்பதை வாங்கி வருவான். இரண்டு கிலோ, நாலு கிலோ. செடி ஒன்று என்பதைத் தவிர இந்த இரண்டு வியாபாரத்துக்கும் சம்பந்தம் குறைவு. பேப்பரில் இரண்டும் ஒரே தலைப்பில் வருவதால் நமக்குத்தான் குழப்பம்.

2024 ஜூலை 14

பட்டுக்கோட்டை அண்ணன், மகஜர் எப்படி நடக்கும் என்று விலாவாரியாகக் கேட்கிறார். எழுதுகிறேன். ஊர், ஸ்டேஷன், ஆள் எதையும் சொல்ல மாட்டேன்.

தை மாதம், அறுவடை நேரம். படுத்துத் தூங்கியாயிற்று. தலையாரி வந்து கதவைத் தட்டினார். "சார், எஸ்பி தனிப்படை வந்திருக்கு. பாலத்துக்கிட்ட வரச் சொல்றாங்க." கைலியை மாற்றிக்கொண்டு போனேன். வாய்க்கால் மதகு மேல் ஒரு ஸ்கூல் பை. பக்கத்தில் பைக். அதற்குப் பக்கத்தில் பையன், இருபது இருக்கும். அறுவடை மிஷினோடு ஊர் ஊராகப் போகிறவன். சட்டையெல்லாம் நெல் தூசி.

பைக்குள் பழுப்பு டேப் சுற்றிய பொட்டலங்கள் இரண்டு, செங்கல் மாதிரி. எடை போடத் தராசு இல்லை. தலையாரி போய் உரக்கடைக்காரரை எழுப்பி எலக்ட்ரானிக் தராசைத் தூக்கி வந்தார். ஆற்றோரக் காற்றுக்கு எண் நிற்கவே இல்லை, ஓடிக்கொண்டே இருந்தது. ஜீப்பின் முன்பக்கம் இருந்த அட்டையை எடுத்து மறைப்பு வைத்த பிறகுதான் நாலு கிலோவும் சொச்சமும் என்று நின்றது. டேப்பை பிளேடால் கீறியதும் ஒரு நெடி. ஈர வைக்கோலும் மூலிகைக் கசப்பும் கலந்த வாடை, மறுநாள் வரை மூக்கில் இருந்தது.

ஐம்பது ஐம்பது கிராமாக இரண்டு மாதிரி எடுத்து, எஸ்-1, எஸ்-2 என்று எழுதிய காக்கி உறையில் போட்டார்கள். அரக்கு வைக்க மெழுகுவர்த்தி ஏற்றினால் காற்று அணைக்கிறது. திரும்ப ஏற்றுகிறார்கள், திரும்ப அணைகிறது. மூன்றாவது முறை, பக்கத்தில் நின்ற அந்தப் பையனே குனிந்து இரண்டு கையாலும் சுடரை மறைத்துக்கொண்டான். யாரும் சொல்லவில்லை. தன் மேல் போடுகிற கேஸுக்கு அரக்கு உருக்க அவனே ஒத்தாசை. ஏட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, முத்திரை வைத்தார்.

மகஜர் எழுதினார்கள். "அக்கம்பக்கத்தினர் யாரும் சாட்சியாக வர முன்வராததால்" என்ற வாசகம் எழுதியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பாலத்துக்கு அக்கம்பக்கம் என்றால் வாத்து மேய்க்கிறவர் போட்ட பட்டிதான். பையனிடம் ஒரு தாளைக் காட்டி, மாஜிஸ்திரேட் முன்போ கெசட்டட் அதிகாரி முன்போ சோதனை செய்யச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை உண்டு என்று படித்தார்கள். போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆவது பிரிவு அது. பையன் கேட்டது வேறு: "சார், வண்டி போயிடுமா? அப்பா பேர்ல இருக்கு, ட்யூ முடியல."

போகும். வண்டியையும் பறிமுதல் செய்யலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. தனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்று உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். அப்பா நிரூபித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

2024 ஜூலை 15

ஏன் நாலு கிலோ, ஏன் நாற்பது இல்லை என்று கேட்கிறீர்கள். கைக்காசு ஒரு காரணம். இன்னொன்று சட்டத்தின் அளவுக்கோடு.

என்டிபிஎஸ் என்கிற போதைப்பொருள் சட்டம் 1985-ல் வந்தது. கஞ்சாவுக்கு இப்போது இருக்கிற அளவு 2001-ல் அறிவித்தது. 1 கிலோவுக்குக் கீழே சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சிறு அளவுக்கு ஒரு வருஷம் வரை. நடுவில் இருப்பதற்குப் பத்து வருஷம் வரை. வணிக அளவைத் தொட்டால் குறைந்தபட்சமே பத்து வருஷம், இருபது வரை போகலாம், அபராதம் ஒரு லட்சத்தில் தொடங்கும். அதோடு 37-ஆவது பிரிவு. அவன் குற்றம் செய்திருக்க மாட்டான் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே விட்டாலும் செய்ய மாட்டான் என்று நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன். குற்றப்பத்திரிகை போட போலீசுக்கு 180 நாள் அவகாசம்.

இந்தக் கோடு எங்கே இருக்கிறதென்று வக்கீலை விட வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். நூறு கிலோவை ஒருத்தன் தலையில் வைக்காமல் ஆறு பேர் கையில் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொருவனும் கோட்டுக்குக் கீழே. ஒருத்தன் மாட்டினாலும் மற்ற ஐந்து பை ஊர் போய்ச் சேரும். மாட்டினவன் சில மாதத்தில் நிபந்தனை ஜாமீனில் வந்து ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பான். ஜாமீன் செலவு அவன் கணக்கில் கடனாக ஏறியிருக்கும். அந்தக் கடனை எப்படி அடைப்பான் என்று நினைக்கிறீர்கள்? மறுபடி பை தூக்கித்தான்.

2024 ஜூலை 15, பின்குறிப்பு

வக்கீல் ஒருவர் எழுதியிருக்கிறார்: சட்டப்படி கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனி சேராமல் வெறும் இலையும் விதையும் மட்டும் இருந்தால் கணக்கில் வராது. சரிதான். இருபத்தோரு கிலோ வழக்கில் இதை வைத்து மணிக்கணக்கில் வாதாடுவார்கள். பச்சையாகப் பிடித்து ஸ்டேஷனில் காய்ந்த சரக்கு எடை குறைந்துபோய், அதற்கும் ஒரு வாதம் நடக்கும். இருபது கிலோவை ஒட்டி நிற்கிற வழக்கில் ஒவ்வொரு காம்பும் ஒரு சாட்சி.

2024 ஜூலை 30

மேட்டூர் அணையை ஒருவழியாக 28-ஆம் தேதி திறந்தாயிற்று. ஜூன் 12 என்று பஞ்சாங்கத்தில் எழுதாத குறையாக மனப்பாடம் செய்த தேதி இந்த வருஷம் பொய்த்துவிட்டது. போர்வெல் இருக்கிறவர் குறுவை போட்டார், மற்றவர் வானம் பார்த்தார். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், வேலையில்லாத ஆனி, ஆடியில்தான் பையன்கள் பாலக்கட்டையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று மன்னார்குடிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. நான் கையெழுத்துப் போட்ட மகஜர்கள் அறுவடைக் காலத்தில்தான் அதிகம். கையில் காசு புழங்குகிற நேரம் அது.

எலிக் கதையை ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். நடந்ததுதான். சென்னையில், இருபத்திரண்டு கிலோ வழக்கு. கோர்ட்டில் கொண்டுவந்து காட்டு என்றால், எலி தின்றுவிட்டது என்றார்கள். 2023 ஜூலையில் இரண்டு பேரும் விடுதலை. நம்மூர் எலிகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கொள்முதல் நிலைய மூட்டைகளில் பயிற்சி பெற்றவை.

சிரிப்பு ஒரு பக்கம். மாதிரி எடுப்பதை மாஜிஸ்திரேட் முன்னால் செய்ய வேண்டும், மிச்சத்தைச் சீக்கிரம் அழிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொன்னது. அதற்கான விதிகள் 2022 டிசம்பரில் வந்தன. பாலத்து மதகில் மெழுகுவர்த்தி ஏற்றி நாங்கள் எடுத்த மாதிரி இன்றைக்கு எடுத்தால் எந்த வக்கீலும் உடைத்துவிடுவார்.

2024 ஆகஸ்ட் 12

பேத்தி பள்ளியில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுத்துவிட்டு வந்தாள். 2022-ல் தொடங்கியது, வருஷாவருஷம் எடுக்கிறார்கள். "போதைப் பொருளின் தீமைகளை முழுமையாக அறிவேன்" என்று கை நீட்டிச் சொல்லிக் காட்டினாள். ஆறாம் வகுப்பு. என்ன அறிவாய் என்று கேட்டேன். "கூல் லிப் போட்டா வாய் வெந்துரும் தாத்தா, எங்க கிளாஸ்ல சொன்னாங்க." யார் சொன்னார், டீச்சரா என்றால், இல்லையாம், பின் பெஞ்சுப் பையனாம். கூல் லிப் என்பது உதட்டுக்குள் அடக்கிக்கொள்கிற புகையிலைப் பொட்டலம்.

பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. குட்கா, மெல்லும் புகையிலைக்கு 2013-லிருந்து ஆண்டுக்காண்டு தடை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பெட்டிக்கடைக்காரருக்கு இதில் எதுவும் தெரியாது. பெங்களூர் பஸ்ஸில் மூட்டை வரும், மிட்டாய் பாட்டிலுக்குப் பின்னால் போகும், அவ்வளவுதான். மளிகைச் சரக்கு எப்படி ஊருக்குள் பிரிகிறதோ அதே கைகள், அதே டிவிஎஸ் எக்ஸ்எல். பையன்கள் முதலில் பழகுவது அந்த வழியைத்தான். ஒளித்துக் கேட்பது, ஒளித்து வாங்குவது. பின்னால் வேறு எது வாங்கினாலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கிறது.

2024 செப்டம்பர் 3

இரண்டு மாதமாகக் கஞ்சா, கஞ்சா என்றே எழுதுகிறோம். கும்பகோணத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் என் சிநேகிதரோடு நேற்றுப் பேசிய பிறகு, நாம் பாதியைத்தான் பார்க்கிறோம் என்று தோன்றுகிறது.

மாத்திரை. கஞ்சாவுக்கு நெடி உண்டு, எடை உண்டு, நாய் மோப்பம் பிடிக்கும். மாத்திரைக்கு எதுவும் கிடையாது. சட்டைப் பையில் ஒரு அட்டை இருந்தால் முதுகுவலி என்று சொல்லிவிடலாம். முன்பு டிரமடால் ஓடியது. 2018-ல் அதை என்டிபிஎஸ் பட்டியலில் சேர்த்தார்கள். அப்புறம் டாபென்டடால் அந்த இடத்துக்கு வந்தது. அதுவும் கடும் வலிக்குக் கொடுக்கிற மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது, ஆனால் 2024 செப்டம்பரில் இதை எழுதும்போது அந்தப் பட்டியலில் இல்லை. பையன்கள் பொடித்து, கரைத்து, ஊசியில் ஏற்றுகிறார்கள்.

சிநேகிதர் சொன்னது: "மாத்திரை கேட்டு வர்றவன்கிட்ட இல்லைன்னு சொல்லிடலாம். தனியா சிரிஞ்சு கேட்டு வர்றான் பாருங்க, அதுக்கு என்ன சொல்றது? சுகர் ஊசின்னு சொல்றான். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டிருக்கான், இந்த வெயில்ல." அவர் கொடுப்பதில்லை. அதனால் ஒரு முறை கடைக் கண்ணாடி உடைந்தது. சிரிஞ்சை மறுத்தால் ஒரே ஊசியை நாலு பேர் குத்திக்கொள்வார்கள் என்று ஒரு டாக்டர் அவரிடம் வாதாடினாராம். இதில் யார் சொல்வது சரி என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

சரக்கு வருவது உள்ளூர்க் கடையிலிருந்து இல்லை. இருந்தாலும் சொற்பம். வட மாநிலத்து மொத்த வியாபாரியிடம் போனில் ஆர்டர், பார்சல் சர்வீஸில் பெட்டி, அனுப்பியவர் பெயர் ஏதாவது ஒரு டிரேடர்ஸ். பிடித்தால் எந்தப் பிரிவில் போடுவது என்பதே போலீசுக்குத் தலைவலி. விஷப்பொருள் கொடுத்துத் துன்பம் விளைவித்தல், பழைய தண்டனைச் சட்டத்தில் 328, ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 123. கூடவே மருந்துகள் சட்டம். வாங்கியவன் பதினெட்டு வயசுக்குக் கீழே என்றால் சிறார் நீதிச் சட்டம் 77, ஏழு வருஷம் வரை. இருபது கிலோக் கோடு, ஜாமீனுக்கு 37-ஆவது பிரிவு எதுவும் இங்கே கிடையாது. நான் வியாபாரியாக இருந்தால் எதை விற்பேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

2024 செப்டம்பர் 4

"இப்படி வழி சொல்லிக் கொடுக்காதீர்கள் சார்" என்று ஒருவர். தம்பி, அவர்களுக்கு என்னிடம் பாடம் கேட்கிற நிலைமை இல்லை. தெரியாதது பெற்றோருக்குத்தான். பையன் பையில் வலி மாத்திரை அட்டை இருந்தால் வலி எங்கே என்று கேட்க வேண்டும் என்றாவது தெரியட்டும்.

இன்னொன்று, பல பெற்றோர் பயப்படுகிற விஷயம். மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால் கேஸ் ஆகிவிடுமா? அடிமையாகிவிட்டவன் தானாகச் சிகிச்சைக்குப் போனால், உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ அவன் மேல் வழக்கு நடத்தாமல் விட என்டிபிஎஸ் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பாதியில் ஓடிவந்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் எங்கே போகலாம் என்று சொல்கிறார்கள்.

2024 டிசம்பர் 3

ஃபெஞ்சல் புயல் போய்விட்டது. நம் பக்கம் காற்று அடிக்கவில்லை, மழைதான். சம்பா தண்ணீரில் நிற்கிறது, பயிர்ச்சேதக் கணக்கு எடுக்க என் பழைய ஆபீஸ் பையன்கள் வரப்பில் அலைகிறார்கள்.

முதலில் கேள்வி கேட்ட நாகப்பட்டினத்துக்காரர் திரும்ப வந்திருக்கிறார். புயல் சமயங்களில் வேதாரண்யம் கரையில் பொட்டலங்கள் ஒதுங்குகின்றனவே, அப்படியானால் கடலிலிருந்து வருகிறது என்றுதானே அர்த்தம் என்கிறார். விடமாட்டார் போலிருக்கிறது.

ஒதுங்குகிறது. ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம், கோடியக்கரை என்று பல இடங்களில் ஒதுங்கியிருக்கிறது. அது போகும்போது போட்டுவிட்டுப் போனது. எதிரே இலங்கை கடற்படை ரோந்தோ நம் கடலோரக் காவல்படையோ தெரிந்தால் மூட்டையைக் கடலில் தள்ளிவிட்டு வலை இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு கிலோப் பொட்டலங்கள், தண்ணீர் புகாமல் சுற்றியிருக்கும். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வந்து சேரும்.

அவருக்குப் பாதி வெற்றி ஒன்று தருகிறேன். கடல் வழியாக நம் பக்கம் வருவதும் உண்டு: தங்கம். போவது கஞ்சா மட்டும் இல்லை. பீடி இலை, கடல் அட்டை. இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்திய பிறகு ஈரோட்டு மஞ்சள் மூட்டை மூட்டையாக இந்தக் கரையில் பிடிபட்டதே, மறந்துவிட்டதா? சமையல் மஞ்சளைக் கடத்திக் கைதானவர்களை அப்போதுதான் நாம் பார்த்தோம். எது அங்கே கிடைக்காதோ அது போகும். போட்டும் ஆளும் இரவும் தயாராக இருக்கிறது. பொருள்தான் மாறுகிறது.

பெரிய அளவு ஹெராயின் வேறு பாதை. 2021 மார்ச்சில் மினிக்காய் பக்கம் இலங்கைப் படகு ஒன்றில் 300 கிலோவும் ஐந்து ஏகே-47-ம் பிடித்தார்கள். அது ஆழ்கடல் விவகாரம். நம்மூர் பைபர் படகுக்காரர் அதில் இல்லை.

பைபர் படகுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு, பைபருக்குத் தடை இல்லை. அந்த 61 நாளில் விசைப்படகுக் கூலியாட்கள் கையைப் பிசைந்துகொண்டு இருப்பார்கள். ஒரு ராத்திரி நடைக்கு ஒரு மாதச் சம்பளம் என்று யாராவது வந்து சொன்னால்? நூறில் தொண்ணூற்றொன்பது பேர் போக மாட்டார்கள். மிச்சம் ஒருத்தர் போதும் அவனுக்கு. அந்த ஒருத்தருக்காகக் குப்பம் முழுக்கக் கெட்ட பெயர். முன்னே எழுதிய கேள்வியில் "கடற்கரையை அடை" என்பது எனக்கு உறுத்தியது அதனாலும்தான்.

2025 பிப்ரவரி 18

மயிலாடுதுறை முட்டத்தில் இரண்டு பையன்களை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். சாராயம் விற்றதைத் தட்டிக் கேட்டதற்கு என்று ஊர் சொல்கிறது, முன்பகை என்று போலீஸ் சொன்னது. நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

ஆனால் "பொதுமக்கள் தகவல் கொடுக்க முன்வர வேண்டும்" என்று எழுதினவர்கள் இதைப் படிக்க வேண்டும். 10581 என்ற புகார் எண்ணுக்குச் சொல்லலாம், பெயர் வெளியே வராது என்கிறார்கள். மேலே இருக்கிறவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். நம் தெருவில் விற்கிறான் என்று தகவல் போனால், அந்தத் தெருவில் அதைச் சொல்லக்கூடியவர்கள் மூன்று வீடுதான். பெயர் எதற்கு?

நான் வேலையில் இருந்தபோது ஒரு அம்மா வந்தார். சாதிச் சான்று வாங்க வந்தவர், எல்லாரும் போகும்வரை உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக் கொல்லையில் ராத்திரி ராத்திரி பைக் வருகிறது என்றார். மனு எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுந்து போய்விட்டார். சான்றைக் கூட மறுநாள் மகனை அனுப்பித்தான் வாங்கினார்.

2025 பிப்ரவரி 19

கேட்டதால் சொல்கிறேன்: இல்லை, அந்த அம்மா சொன்னதை நான் எங்கேயும் தகவலாகக் கொடுக்கவில்லை. தலையாரியிடம் சொன்னேன். தலையாரிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

2025 மார்ச் 2

பணத்தைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கும் முக்கியமாகப் படுவது இதுதான்.

2021 டிசம்பரில் தமிழ்நாட்டுப் போலீஸ் கஞ்சா வேட்டை என்று தொடங்கினார்கள், அப்புறம் 2.0, 3.0 என்று போனது. ஆந்திரத்தில் 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே இரண்டு லட்சம் கிலோவைக் குவித்துக் கொளுத்தினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் மகஜரில் நான் பார்த்த பெயர்கள் எல்லாம் ஒரே ரகம்: மிஷின் டிரைவர், பெயிண்டர், படிப்பை விட்டவன், பந்தல் போடுகிறவன். பணம் போட்டவன் பெயர் ஒன்றில்கூட வந்ததில்லை. வாக்குமூலத்தில் வரும், உண்மை. ஆனால் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. தமிழ்நாட்டு வழக்குதான் அது, தூஃபான் சிங். அந்தத் தீர்ப்பு சரி. அடித்து வாங்குவதை எல்லாரும் அறிவோம். அப்படியானால் போலீஸ் வேறு ஆதாரம் தேட வேண்டும். கையில் போன் இருக்கிறது, ஜிபே இருக்கிறது, யார் யாருக்கு எவ்வளவு போனது என்று வரிசையாக இருக்கிறது. மகஜரில் "ஆண்ட்ராய்டு போன் ஒன்று" என்று எழுதி உறையில் போட்டு அரக்கு வைப்பார்கள். அதற்குள் பார்த்தார்களா என்று நான் கேட்டதற்கு, "கிலோ குறைவு சார், இதுக்கெல்லாம் சைபருக்கு எழுதினா சிரிப்பாங்க" என்றார் ஒருத்தர்.

சொத்தை முடக்க என்டிபிஎஸ் சட்டத்தில் 68-எஃப் பிரிவு இருக்கிறது. 30 நாளுக்குள் தகுதி வாய்ந்த அதிகாரி உறுதி செய்ய வேண்டும். தென் மாவட்டங்களில் 2022-ல் வியாபாரிகள், உறவினர்கள் கணக்குகளை முடக்கியபோது கொஞ்சம் சூடு தெரிந்தது. நம் பக்கம் சுலபமான வழி குண்டாஸ், அதாவது குண்டர் தடுப்புச் சட்டம். ஒரு வருஷம் உள்ளே போடலாம், கலெக்டர் கையெழுத்து போதும். அறிவுரைக் கழகத்திலோ உயர் நீதிமன்றத்திலோ பல உத்தரவுகள் உடைந்துவிடும். அதற்கும் கீழே, ஆர்டிஓ முன்னால் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய 110, இப்போது 129. அந்தப் பத்திரங்களில் ஜாமீன்தாரர்களுக்குச் சொத்து இருக்கிறதா என்று சான்று கொடுத்தவன் நான். ஒரே ஆள் பலருக்கு ஜாமீன்தாரராக வருவார், ஒரே சிட்டா (நிலக் கணக்கு) நகலோடு. அவருக்கும் அந்தப் பையன்களுக்கும் சொந்தம் கிடையாது, ஒரே ஊர்கூட இல்லை. இவர் ஏன் வருகிறார், யார் அனுப்புகிறார்? மேலதிகாரிகளுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. அந்தச் சிட்டாவைப் பிடித்து நூல் இழுத்திருந்தால் மகஜரில் வராத பெயருக்குப் போயிருக்கலாம் என்பது இன்றைக்கும் என் எண்ணம்.

2025 மார்ச் 9

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து இப்போது கிராம நிர்வாக அலுவலராக இருக்கும் தம்பி ஒருவருக்குச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. பழைய மகஜர், எதுவும் நினைவில்லை, என்ன செய்வது, போகாமல் இருக்கலாமா என்கிறார்.

போங்க தம்பி. போகாவிட்டால் வாரண்ட் வரும். அன்றைக்குக் காலையில் அரசு வக்கீலிடம் மகஜர் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், உங்கள் கையெழுத்துதானா என்று பாருங்கள். மாறுதலாகிப் போயிருந்தால் அந்தத் தேதியில் எந்தக் கிராமத்தில் பொறுப்பு என்பதற்கு உத்தரவு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். பை என்ன நிறம், விளக்கு இருந்ததா, தராசு யாருடையது, நீங்கள் எப்படி வந்தீர்கள், யார் எழுதினார்கள் என்று குறுக்கு விசாரணையில் சுற்றிச் சுற்றி வருவார்கள். நினைவிருப்பதைச் சொல்லுங்கள், இல்லாததை நினைவில்லை என்று சொல்லுங்கள். எனக்கு வந்த வழக்கில் தராசைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் கேட்டார்கள். உரக்கடைத் தராசு முத்திரையிட்டதா, எந்த வருஷ முத்திரை என்று. எனக்கு எப்படித் தெரியும்? கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். அவரைச் சாட்சியாகவே சேர்க்கவில்லை.

படிக்காசு கொடுப்பார்கள். பஸ் டிக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் கூப்பிட்டால் சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள்.